இன்சுலின் போட்டுக்கொண்டு பனிச்சறுக்குப் போட்டிக்குப் போக முடியுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினாறு வயது, டைப் 1 சர்க்கரை, பதினோரு வயதிலிருந்து இன்சுலின். பள்ளியில் நீண்ட தூர ஓட்டத்தில் மாவட்ட அளவு வரை போயிருக்கிறாள். குளிர்கால ஒலிம்பிக் காட்சிகளைப் போனில் பார்த்ததிலிருந்து பனிச்சறுக்குதான் பேச்சு, காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கும் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி ஒரே பிடிவாதம். சொந்தக்காரர்கள் "சுகர் பிள்ளையைப் போய்ப் பனிக்குள்ள அனுப்புவியா" என்கிறார்கள். முடியுமா, முடியும் என்றால் அங்கே இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், நாம் எங்கே தொடங்குவது என்பதுதான் அவர் கேள்வி.

அண்ணே, முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் டைப் 1 பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஊசி, உணவு, ஓட்டம் எல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. "சுகர் இருக்கு, விளையாட வேண்டாம்" என்று ஒரு பிள்ளையை உட்கார வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிரிஸ் ஃப்ரீமன் என்று ஓர் அமெரிக்கர். அவருடையது கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங், அதாவது காலில் இரண்டு மெல்லிய பலகை, கையில் இரண்டு கோல், மேடும் இறக்கமுமாகப் பனியில் கிலோமீட்டர் கணக்கில் போவது. கை, கால், இடுப்பு எல்லாம் ஒன்றாக உழைக்கிற விளையாட்டு, மூச்சுத்திறனைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமானது சிலதான். 2000-ல் அவருக்கு டைப் 1 என்று தெரிந்தபோது பத்தொன்பது வயது. இனி ஒலிம்பிக் கனவை விட்டுவிடு என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். அவர் 2002, 2006, 2010, 2014 என்று நாலு ஒலிம்பிக்கில் ஓடினார். 2003, 2009 உலக சாம்பியன்ஷிப்களில் 15 கி.மீ. போட்டியில் நாலாம் இடம். 2009-ல் பதக்கம் கைவிட்டுப் போனது இரண்டு வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில்.

ஐஸ் ஹாக்கியில் இன்னும் பழைய கதை உண்டு. கனடாவின் பாபி கிளார்க் சிறு வயதிலிருந்தே இன்சுலின் போட்டவர். 1969-ல் வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஹாக்கி லீக்குக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சர்க்கரை என்று பயந்து அணிகள் அவரைத் தாண்டிப் போயின. பிலடெல்பியா அணி எடுத்தது. 1974, 1975 இரண்டு வருடமும் அந்த அணி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். அப்போது வீட்டில் வைத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியே கிடையாது, இனிப்பு கலந்த குளிர்பானமும் ஆரஞ்சு ஜூஸும் குடித்துக்கொண்டு உடம்பு சொல்வதை வைத்தே ஆடியிருக்கிறார். இன்று அதே லீக்கில் ஆடும் மேக்ஸ் டோமிக்குப் பன்னிரண்டு வயதில் டைப் 1 வந்தது, கிளார்க்கின் 16-ஆம் எண் சட்டையை அவர் நினைவாகவே போட்டுக்கொண்டவர். நம் ஊருக்குத் தெரிந்த பெயர் வேண்டுமென்றால் வாசிம் அக்ரம். 1997-ல் சர்க்கரை கண்டுபிடித்தார்கள், அதற்கப்புறம் 2003 உலகக் கோப்பையில்தான் ஒருநாள் போட்டிகளில் ஐந்நூறாவது விக்கெட்டை எடுத்தார். சொந்தக்காரர்களிடம் முதலில் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்: போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது.

நமக்கெல்லாம் ஓட ஆரம்பித்ததும் கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும், கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், ரத்தத்தில் அளவு பெரிதாக மாறாது. டைப் 1-ல் கணையம் இன்சுலின் சுரப்பதில்லை, ஆகவே உங்கள் மகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காலையில் போட்டது தோலுக்கடியில் இருந்து கசிந்துகொண்டே இருக்கும், அவள் ஓடுகிறாளா தூங்குகிறாளா என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, உழைக்கிற தசை இன்சுலினே இல்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்க இழுப்பு. இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உள்ளே விடுகிற சின்னக் கருவியான பம்ப் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்தலாமே என்று கேட்பார்கள். நிறுத்தலாம், ஆனால் இன்ஜினை அணைத்த பிறகும் வள்ளம் கொஞ்ச தூரம் ஓடித்தானே நிற்கும், அதுபோல ஏற்கனவே உள்ளே போனது ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும். அதனால்தான் பம்ப்பைக் குறைப்பது ஸ்டார்ட் கோட்டில் நடப்பதில்லை, அறுபது முதல் தொண்ணூறு நிமிடத்துக்கு முன்பே நடக்கிறது. ஊசி மட்டும் போடுகிறவர்கள் ஓட்டத்துக்கு முந்தைய சாப்பாட்டு இன்சுலினைக் குறைப்பார்கள், நாள் முழுக்க வேலை செய்கிற இன்சுலினையும் சிலர் குறைப்பார்கள். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2010 வான்கூவர் ஒலிம்பிக்கே சாட்சி. 30 கி.மீ. போட்டியின் நடுவில் ஃப்ரீமனுக்குச் சர்க்கரை சரிந்தது, பனியிலேயே விழுந்துவிட்டார். பக்கத்தில் நின்ற வேறு நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இனிப்புப் பானம் கொடுத்தார், குடித்து, எழுந்து, போட்டியை முடித்தார், 45-ஆம் இடம். அவர் பத்து வருடம் இன்சுலினோடு பயிற்சி செய்தவர், அணி மருத்துவர்கள் சுற்றி இருந்தார்கள், அப்படியும் இறங்கியது. அதைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. இறங்கும், எப்போதாவது கட்டாயம் இறங்கும், இறங்கும்போது இனிப்பு கையெட்டும் தூரத்திலும் கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீண்ட பந்தயங்களில் வழியோரம் பயிற்சியாளர்கள் பானம் நீட்டுவார்கள், டைப் 1 வீரருக்கு அதுதான் உயிர்நாடி. ஒரு மணி நேரத்துக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். தொடங்கும்போது சர்க்கரை சுமார் 126 முதல் 180 வரை இருந்தால் நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்றும் உண்டு. பந்தயத்துக்கு முந்தின நிமிடங்களில் பதற்றத்தில் அட்ரினலின் ஏறி, ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை 250-ஐத் தொடும். மலைச்சரிவில் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிற ஸ்லாலம் மாதிரிப் போட்டிகளிலும், நிமிடத்துக்கும் குறைவாக வெறித்தனமாக ஆடிவிட்டு வெளியே வந்து உட்காருகிற ஐஸ் ஹாக்கியிலும் ஏற்றம்தான் அதிகம். அந்த எண்ணைப் பார்த்துப் பதறி இன்சுலின் போட்டால், அரை மணி கழித்து ஓட்டமும் இன்சுலினும் சேர்ந்து கவிழ்த்துவிடும். பயிற்சி நாளில் அதே எண்ணுக்குப் போடுகிற அளவைப் போட்டி நாளில் போடக் கூடாது என்பதை வீரர்கள் நோட்டுப் போட்டுக் குறித்துக் குறித்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் சேரும்: மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் பலருக்கு அளவு ஏறி நிற்கும், இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படும், ஆரம்பித்ததும் சட்டென்று இறங்கும். இதை வீட்டில் அம்மாவோ பிள்ளையோ குறித்து வைத்தால் போதும், கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

ராத்திரிதான் எனக்குப் பெரிய கவலை. நாலு மணி நேரம் உழைத்த தசை, காலியான கையிருப்பை விடியும் வரை, சில சமயம் இருபத்து நாலு மணி நேரம் வரை நிரப்பிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் இறங்கினால் யாருக்குத் தெரியும்? கடுமையான பயிற்சி நாளில் படுக்கப்போகும் முன் ஒருமுறை, நடுராத்திரி ஒருமுறை பார்ப்பது பழக்கமாக வேண்டும். முகாமில் கூடப் படுக்கும் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது குளிருக்கு வருகிறேன். இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும். உருகிய பிறகு பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம், வீரியம் இருக்காது. காஷ்மீருக்குப் போய்த்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். நம் கரையிலேயே நடக்கிறது. விசைப்படகில் போகிறவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் உண்டு. வெயிலுக்குப் பயந்து ஒருவர் குப்பியை ஒரு பாலிதீன் பையில் சுற்றி, மீனுக்குப் போடும் நொறுக்கிய ஐஸுக்குள் நேராகச் செருகி வைத்தார். கரைக்கு வந்த பிறகு அளவு சரியாகத்தான் போடுகிறார், சர்க்கரை மட்டும் 400-க்குக் கீழே வரவில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், அவருடையது வெள்ளையாகக் கலங்கலாக இருக்கும் வகை, குலுக்கினாலும் கலக்காமல் சின்னச் சின்னத் திப்பியாகக் கண்ணாடியில் ஒட்டி நின்றது. புதுக் குப்பி போட்டதும் சரியானது. உப்புத்தண்ணீர் கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதில் நேராக வைத்தால் பனிமலையில் வைத்த மாதிரிதான்.

பனிவீரர்கள் இன்சுலின் பேனாவை உள்சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைக்கிறார்கள். குழாய் உள்ள பம்ப் என்றால் குழாயின் எந்தத் துண்டும் வெளியே தெரியக் கூடாது, உள்ளே இருக்கும் துளி உறைந்து அடைத்துக்கொள்ளும், அதனால் குழாயே இல்லாமல் தோலில் ஒட்டுகிற வகையைப் பலர் விரும்புகிறார்கள். விமானத்தில் போகும்போது இன்சுலின் கைப்பையில்தான், கீழே போடும் பெட்டியில் ஒருபோதும் கூடாது.

குளிர் கருவியையும் ஏமாற்றும். குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் பெரும்பாலும் பத்து டிகிரிக்கு மேல்தான் சரியாக வேலை செய்யும். விறைத்த விரலில் குத்தினால் ரத்தமே வராது. கையில் ஒட்டும் சென்சார் இருந்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அது பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் உள்ள நீரை, ஆகவே வேகமாக இறங்கும்போது சென்சார் பத்துப் பதினைந்து நிமிடம் பின்தங்கியே காட்டும். திரையில் 95 என்றால் உள்ளே 70 ஆகியிருக்கலாம். எண்ணைவிட, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்தில் காட்டும் அம்புக்குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். போனும் குளிரில் சட்டென்று அணைந்துவிடும், அதுவும் சட்டைக்குள்.

இதையெல்லாம் விட மோசமானது அறிகுறிகள் ஒன்றோடொன்று குழம்புவது. நடுக்கம், விரல் மரத்துப்போவது, வாய் குழறுவது, எரிச்சல், நடை தடுமாறுவது. சர்க்கரை இறங்கினாலும் இதுதான், உடம்பு விறைத்தாலும் இதுதான், 2,600 மீட்டருக்கு மேல் இருக்கிற குல்மார்க் மாதிரி இடத்தில் உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கிட்டத்தட்ட இதுதான். நடுங்குவதற்கே உடம்பு சர்க்கரையை எரிக்கும் வேறு. சந்தேகம் வந்தால் நின்று பார்க்க வேண்டும், பார்க்க முடியாவிட்டால் இனிப்பைப் போட்டுவிட வேண்டும். கொஞ்ச நேரம் சர்க்கரை ஏறி நிற்பதைச் சரிசெய்துகொள்ளலாம், பனியில் மயங்கிக் கிடப்பதை அப்படிச் செய்ய முடியாது.

போட்டி என்று வந்தால் ஒரு காகித வேலையும் இருக்கிறது. இன்சுலின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் உள்ள மருந்து, தசை வளர்க்கத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால். டைப் 1 வீரருக்கு மருத்துவச் சான்றுகளோடு சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கிடைக்கும், நம் நாட்டில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாநில, தேசிய அளவுக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததுமே நோய் கண்டுபிடித்த காலத்துப் பரிசோதனைத் தாள்களிலிருந்து எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். பனி இல்லாத ஊரில் என்ன பயிற்சி என்று கேட்கலாம். ஸ்கீ வீரர்களே கோடைக்காலம் முழுக்கச் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில் தார் ரோட்டில்தான் பழகுகிறார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடலோடு நேராகப் போகிற ரோடு இருக்கிறதே, சுற்றுலா வண்டிகள் வருவதற்கு முன்னால் விடிகாலையில் அதுபோல ஓர் இடம் கிடைப்பது கடினம், எதிர்க்காற்று வேறு இலவசமாகக் கிடைக்கும். ரோலர் ஸ்கீ வாங்கும் வரை கடற்கரை மணலில் ஓட்டம், கோல் ஊன்றி மேடேறுவது, கைக்கும் முதுகுக்கும் உடற்பயிற்சி. மூச்சுத்திறனை இங்கேயே கட்டலாம். பலகையில் நிற்கும் வித்தையை மட்டும்தான் குல்மார்க்கிலோ உத்தராகண்டின் ஔலியிலோ போய்ப் படிக்க வேண்டும்.

ஆனால் நம் வெயில் இன்சுலினை வேறு மாதிரி ஆட்டும். தோல் சூடானால் ரத்த ஓட்டம் கூடி, ஊசி போட்டது வேகமாக ஏறும். குளிரில் மெதுவாக ஏறும், அப்புறம் கதகதப்பான அறைக்குள் வந்து ஹீட்டர் பக்கம் உட்கார்ந்ததும் மொத்தமாக ஏறும். ஆகவே இங்கே பிடித்த கணக்கை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது, முதல் மூன்று நாலு நாள் அங்கே அடிக்கடி பார்த்துப் புதுக் கணக்கு போட வேண்டும். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே ஓடுவதையும் விடச் சொல்லுங்கள், வயிற்றில் போடட்டும்.

இறங்கினால் கொடுப்பது எது என்பதில் நம் பக்கம் பெரிய குழப்பம். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா, டைப் 2, மாத்திரை போடுகிறவர். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு டீயோடு கடலில் இறங்கியிருக்கிறார், இடுப்பளவு தண்ணீரில் கண் இருட்டி, கூட வந்தவர்கள் தூக்கிக் கரையில் போட்டார்கள். கை எல்லாம் வேர்வை, பேச்சு குழறல், நினைவு இருந்தது. ஒருவர் கடலை மிட்டாய் கொடுக்க, இன்னொருவர் பிஸ்கட் கொடுக்க, அவர் தெளியவே நேரம் பிடித்தது. கடலை மிட்டாயில் கொழுப்பும் புரதமும் இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும், சாக்லேட்டும் அப்படித்தான். குளுக்கோஸ் பவுடர் மூன்று நாலு டீஸ்பூன், கிட்டத்தட்ட பதினைந்து கிராம், தண்ணீரில் கலந்து கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி. அது இல்லாவிட்டால் சீனித் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர். கருப்பட்டி சர்க்கரைக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று நம் பனங்காட்டு ஊரில் அடித்துச் சொல்வார்கள், அதுவும் சர்க்கரைதான், ஏற்றத்தான் செய்யும், அதனால்தான் இறங்கும்போது உதவுகிறது. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

சில நாட்களில் ஓடவே கூடாது. 250-க்கு மேல் இருந்து, இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருகிற கீட்டோனும் பரிசோதனையில் காட்டினால் அன்று ஓய்வு, முந்தின இருபத்து நாலு மணி நேரத்தில் அடுத்தவர் கைகொடுத்துத் தூக்கும் அளவுக்கு இறங்கியிருந்தாலும் ஓய்வு. இவளுக்கு அஞ்சு வருடம் ஆகிவிட்டதால் கண் பரிசோதனை, சிறுநீரில் புரதம், பாதத்தில் உணர்ச்சி மூன்றையும் முகாமுக்கு முன் முடித்துவிடுங்கள். இறுகின ஸ்கீ பூட்ஸுக்குள் கொப்புளம் வந்தது தெரியாமல் போகக் கூடாது.

செலவையும் மறைக்க மாட்டேன். சென்சார் இரண்டு வாரத்துக்கு ஒன்று, விலை ஆயிரக்கணக்கில். அது முடியாவிட்டால் முகாம் நடக்கும் இரண்டு வாரத்துக்கும் அதற்கு முந்தைய பயிற்சிக்கும் மட்டும் போடலாம், மற்ற நாட்களில் ஸ்ட்ரிப். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் பனி விளையாட்டு சின்ன உலகம், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு நம் நாட்டிலிருந்து போனது ஆரிஃப் கான் ஒருவர்தான். 2020-லிருந்து கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன, முதல் இலக்காக அதை வைக்கலாம்.

நாளைக்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஓடுகிற ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டாள், எத்தனை யூனிட், ஓடுவதற்கு முன், நடுவில், முடிந்ததும், படுக்கும் முன் என்ன எண் வந்தது, வெயில் எப்படி, மாதவிடாய் நாளா, எல்லாம் அவள் கையாலேயே எழுதட்டும். இடுப்பில் ஒரு சின்னப் பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். பி.டி. வாத்தியாரிடமும் கூட ஓடுகிற ஒரு தோழியிடமும் நீங்களே போய் விவரம் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஒரு மாதம் எழுதிய நோட்டோடு டாக்டரைப் பாருங்கள், "ஓடலாமா" என்று கேட்காமல் "இந்த நாளில் இப்படி இறங்கியிருக்கிறது, எதைக் குறைக்கலாம்" என்று கேளுங்கள். முகாமுக்குப் போகும்போது எல்லாவற்றிலும் இரண்டு பங்கு எடுத்து, பாதியை அவள் பையிலும் பாதியைக் கூடப் போகிறவர் பையிலுமாகப் பிரித்து வையுங்கள். நோட்டில் புரியாத நாள் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.